கோழிப் புழுவும் குழந்தை நலமும்

கொல்லையில் நாலு கோழி நின்றால் ஆத்திர அவசரத்திற்கு உதவும் என்பது நம் பாட்டிமார் சொல்லும் சொல். விருந்தாளி வந்தால் குழம்புக்கு ஆகும். கையில் காசில்லாத நாளில் சந்தைக்குப் போகும். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கு நாளொரு முட்டை கிடைக்கும். எருசலேம் நகரை நினைத்து வருந்திய நம் ஆண்டவர் இயேசு, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளும் கோழிக்குத் தம்மை ஒப்பிட்டதை மத்தேயு நற்செய்தியின் 23 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அத்தகைய பெருமை பெற்ற கோழியைப் பற்றியும், அதன் வயிற்றில் வாழும் புழுக்களைப் பற்றியும், அதே முற்றத்தில் தவழ்ந்து விளையாடும் நம் தம்பி தங்கையரின் நலத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

புழுவைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அருவருப்பு என்று ஒதுக்கிவிட்டால் நோய் நம்மை ஒதுக்கிவிடுமா? அறிந்துகொள்வதே காப்பாற்றிக்கொள்வதற்கு முதற்படி.

ஓர் ஐயமும் இரு தவறுகளும்

குழந்தை இரவில் பல்லைக் கடித்தாலும், வயிறு வலிக்கிறது என்று அழுதாலும், மலத்தில் புழு விழுந்தாலும், பல வீடுகளில் குற்றம் முதலில் கோழியின்மேல்தான் விழுகிறது. "கோழி திரியும் வாசலில் பிள்ளையை விட்டால் பூச்சி வராமல் என்ன செய்யும்?" என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். மறு சந்தையிலேயே கோழிகள் விற்கப்படுகின்றன. கோழி போய்விடுகிறது, முட்டை போய்விடுகிறது, குழந்தையின் வயிற்றுப் புழு மட்டும் போகவில்லை. காரணம் கோழிதான் என்று முடிவு கட்டிவிட்டதால் உண்மையான காரணத்தை யாரும் தேடுவதுமில்லை. இது முதல் தவறு.

இதற்கு நேர்மாறாக நினைப்பவர்களும் உண்டு. "நாங்களெல்லாம் கோழியோடு கோழியாக வளரவில்லையா? எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்பது அவர்கள் வாதம். குழந்தை கோழிக்குஞ்சை வாயோடு வைத்துக் கொஞ்சுவதையும், எச்சம் பட்ட கையோடு முறுக்குத் தின்பதையும் அவர்கள் பொருட்படுத்துவதில்லை. இது இரண்டாவது தவறு.

உண்மை இவ்விரண்டுக்கும் இடையே இருக்கிறது. கோழியின் குடற்புழு குழந்தையின் வயிற்றில் குடியேறி வளர்வதில்லை. ஆனால் கோழியின் எச்சத்தில் புழுவைக் காட்டிலும் குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடிய கிருமிகள் உண்டு. ஆகவே கோழிக்குக் கோழியின் மருந்தும், குழந்தைக்குக் குழந்தையின் மருந்தும், இருவருக்கும் பொதுவாகத் துப்புரவும் வேண்டும். இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோழியின் வயிற்றில் வாழ்பவை

கோழியின் குடற்புழுக்களில் உருண்டைப் புழுக்கள், நாடாப்புழுக்கள் என இரு பெரும் பிரிவுகள் உண்டு.

உருண்டைப் புழுக்களில் முதன்மையானது அஸ்காரிடியா கல்லி என்னும் பெரிய புழு. வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், 5 முதல் 12 சென்டிமீட்டர் வரை நீளமாக, சிறுகுடலில் வாழ்கிறது. கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது வெந்த சேமியாவைப் போலக் குடலிலிருந்து வழிவது பெரும்பாலும் இதுதான். எண்ணிக்கை மிகுந்துவிட்டால் புழுக்கள் பந்துபோலச் சுருண்டு குடலையே அடைத்துவிடுவதுண்டு. மிக அரிதாக, இப்புழு வழி தவறி முட்டைக் குழாய்க்குள் ஏறி, முட்டை ஓட்டுக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்வதும் உண்டு. அத்தகைய முட்டையைக் கண்டு வீடே கலங்க வேண்டியதில்லை. முட்டையை எறிந்துவிட்டு, கோழிகளுக்குப் புழு மருந்து கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறிந்துகொண்டால் போதும்.

இரண்டாவது, பெருங்குடல் தொடங்குமிடத்தில் உள்ள இரு பைகளில் வாழும் ஹெட்டராக்கிஸ் என்னும் சிறு புழு. ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கோழிக்கு இதனால் பெருங்கேடு இல்லை. ஆனால் இதன் முட்டைக்குள் வேறொரு நுண்ணுயிர் ஒளிந்திருந்து, வான்கோழிகளுக்கு ஈரலைத் தாக்கும் கொடிய நோயை உண்டாக்குகிறது. இந்தத் தொடர்பை 1920 ஆம் ஆண்டில் கிரேபில், ஸ்மித் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். கிறிஸ்துமஸ் விழாவுக்கென்று வான்கோழி வளர்ப்பவர்கள் அவற்றைக் கோழிகளுடன் ஒரே இடத்தில் விடக்கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவது, மயிரிழை போன்ற மெல்லிய புழுக்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாவிட்டாலும் குடற்சுவரைத் துளைத்து வாழ்வதால் இவை கோழியை மிகவும் மெலியச் செய்யும்.

நாடாப்புழுக்கள் தட்டையானவை; கணுக்கணுவாகப் பிரிந்தவை. முதிர்ந்த கணுக்கள் உதிர்ந்து, வெள்ளை அரிசிக் குருணை போல எச்சத்தில் காணப்படும்.

இவையன்றி மூச்சுக்குழலில் வாழும் செந்நிறப் புழு ஒன்றும் உண்டு. இது பற்றிய குஞ்சு, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும்.

புழு பரவும் வழி

பெரிய உருண்டைப் புழு கோழியின் குடலில் முட்டையிடுகிறது. முட்டைகள் எச்சத்தோடு வெளியே வருகின்றன. வெளியே வந்த உடனே அவற்றால் நோயைப் பரப்ப முடியாது என்பதே நாம் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஈரமும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் ஏறத்தாழ 10 முதல் 20 நாட்கள் கிடந்த பிறகே முட்டைக்குள் இளம்புழு உருவாகிறது. அதன்பின் அந்த மண்ணைக் கிளறி இரை பொறுக்கும் கோழியின் வயிற்றுக்குள் அது போகிறது. அங்கே 6 முதல் 8 வாரங்களில் முழுப் புழுவாகி மீண்டும் முட்டையிடத் தொடங்குகிறது.

இம்முட்டைகளின் ஓடு மிகவும் உறுதியானது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாம் தெளிக்கும் பினாயில் முதலியவற்றுக்கு எளிதில் அசையாது. கடும் வெயிலும் வறட்சியும் சூடுமே அதற்குப் பகை.

நாடாப்புழுவின் வழி வேறு. அதன் முட்டையைக் கோழி நேராகத் தின்றால் ஒன்றும் நேராது. எறும்பு, வண்டு, ஈ, நத்தை போன்ற சிற்றுயிர் ஒன்று முதலில் அதைத் தின்ன வேண்டும். அச்சிற்றுயிரின் உடலில் வளர்ந்த பிறகு, அதைக் கோழி கொத்தித் தின்னும்போதுதான் புழு கோழிக்குள் புகுகிறது. திறந்த முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிகளுக்கு நாடாப்புழு மிகுதியாக இருப்பதன் காரணம் இதுவே.

கோழியின் முகத்தில் தெரியும் அடையாளங்கள்

வளர்ந்த கோழி சில புழுக்களைத் தாங்கிக்கொள்ளும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குஞ்சுகளே பெரிதும் வாடுகின்றன. தீனி தின்றும் தேறாமை, சிவந்த கொண்டை வெளுத்துப்போதல், சிறகு தொங்குதல், இறகு பொலிவிழந்து சிலிர்த்து நிற்றல், அடிக்கடி கழிச்சல், முட்டை குறைதல் ஆகியவை அடையாளங்கள். கோழியைக் கையில் தூக்கி மார்பைத் தடவிப் பார்த்தால், சதை கரைந்து மார்பெலும்பு கத்தியின் முனைபோலத் தட்டுப்படும்.

ஆயினும் இவ்வடையாளங்கள் வேறு நோய்களிலும் வரும். ஐயம் தீர ஒரு நல்ல வழி இருக்கிறது. காலையில் விழுந்த புதிய எச்சத்தில் சிறிதளவு எடுத்து, ஒரு சிறு டப்பாவில் மூடி, அரசு கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுபோகலாம். செறிந்த உப்புக் கரைசலில் எச்சத்தைக் கலக்கினால், புழு முட்டைகள் அடர்த்தி குறைந்தவையாதலால் மேலே மிதந்து வரும். மேற்பரப்பிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டைகள் தெரியும். வகுப்பறையில் நாம் படிக்கும் அடர்த்தியும் மிதத்தலும் கோழிக்கூட்டுக்கும் பயன்படுவதைப் பாருங்கள்!

குழந்தையின் புழு எங்கிருந்து வருகிறது?

இறைவன் படைப்பில் ஒவ்வொரு புழுவுக்கும் தனக்கென்று ஒரு வீடு உண்டு. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ், நம்முடையது 37. கோழியின் குடல் வேறு, நம் குடல் வேறு. கோழியின் உருண்டைப் புழு முட்டை தற்செயலாகக் குழந்தையின் வாயில் போனாலும், அங்கே அது குடும்பம் நடத்தாது. பெயர் ஒலியில் நெருங்கியிருந்தாலும், குழந்தையிடம் காணப்படும் அஸ்காரிஸ் புழு வேறு இனம்.

அந்த அஸ்காரிஸ் 15 முதல் 35 சென்டிமீட்டர் நீளம் வளரும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடவல்லது. இம்முட்டைகள் மனிதரின் மலத்திலிருந்து மண்ணுக்கு வருகின்றன. திறந்த வெளியில் மலம் கழிப்பதாலும், கழுவாத கீரை, பழங்களாலும், மண் படிந்த விரல்களாலும் குழந்தையின் வாய்க்கு வந்து சேருகின்றன. 1922 ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் கோயினோ, இப்புழுவின் 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கி ஆராய்ந்தார். சில நாட்களில் அவருக்கு இருமல் கண்டது. அவருடைய சளியிலேயே இளம்புழுக்கள் தென்பட்டன. குடலில் பொரித்த இளம்புழு நுரையீரல் வரை பயணம் செய்து மீண்டும் குடலுக்குத் திரும்புகிறது என்பது இதனால் விளங்கிற்று. பிறர் நலத்துக்காகத் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிய அவருடைய துணிவு வியக்கத்தக்கது.

கொக்கிப் புழுவும் மனித மலத்திலிருந்தே மண்ணுக்கு வருகிறது. ஆனால் அது வாய்க்காகக் காத்திருப்பதில்லை. வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவதால் குழந்தை வெளுத்து, சோர்ந்து, படிப்பில் நாட்டம் குன்றும். நம் வயதுப் பெண்களுக்கு இரத்தச் சோகை உண்டாக இதுவும் ஒரு காரணம்.

இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும் வெள்ளை நூற்புழு, ஒரு பிள்ளையிடமிருந்து மற்றொரு பிள்ளைக்கு விரல் நகங்கள் வழியாகவும் படுக்கை, துணிகள் வழியாகவும் பரவுகிறது. இதன் முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும் தன்மை பெற்றுவிடும். ஆகவே ஒரு குழந்தைக்கு இருந்தால் வீட்டிலுள்ள அனைவரும் மருத்துவர் கூறும்படி ஒரே சமயத்தில் மருந்து உட்கொள்வது நல்லது.

உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களிடம் மண்வழிக் குடற்புழுக்கள் உள்ளன என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இதற்கெல்லாம் கோழியைக் குற்றம் சொல்ல முடியுமா? ஒன்று மட்டும் உண்மை. திறந்தவெளி மலத்தைக் கிளறிவிட்டு வரும் கோழி, தன் காலிலும் அலகிலும் அந்த அழுக்கைச் சுமந்து அடுக்களை வரை வரலாம். அப்போதும் குற்றம் கோழியினுடையது அன்று. கழிவறையைப் பயன்படுத்தாத மனிதருடையது.

அப்படியானால் கோழியால் தீங்கே இல்லையா?

உண்டு. ஆனால் அது புழு அன்று. சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் என்னும் பாக்டீரியாக்கள் கோழியின் குடலில் வாழ்கின்றன. கோழி நோயின்றிக் கொழுகொழுவென்று இருக்கும்போதே எச்சத்தில் இவை வெளிவரக்கூடும். புழு முட்டையைப் போல நாட்கணக்கில் இவை காத்திருப்பதில்லை, அப்போதே தொற்றும். குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி ஆகியவற்றை உண்டாக்கும். பெரியவர்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடுவர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோ, உடலின் நீர் வற்றி ஆபத்தான நிலைக்குப் போய்விடலாம். வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால் சிறிதும் தாமதிக்கக் கூடாது.

இக்கிருமி முட்டை ஓட்டின்மேலும், சில சமயம் முட்டைக்குள்ளும் இருக்கும். ஆதலால் முட்டையை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். பெரியவளான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அன்போடு செய்யும் அவ்வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுக்கலாம். வெந்த முட்டையில் சத்துக் குறைந்து போகாது; உண்மையில் முட்டையின் வெண்புரதம் வெந்த பிறகே நன்றாகச் செரிக்கிறது.

கோழிகள் திடீரென்று கூட்டமாக இறந்தால் அவற்றைக் குழந்தைகள் தொடவும் கூடாது. வீட்டார் சமைக்கவும் கூடாது. நம் நாட்டில் 2006 ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலம் நவாபூரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சலை நினைவிற்கொண்டு, உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

மருந்தும் மருந்தில் கவனமும்

கோழிக்குப் புழு மருந்து கொடுப்பது எளிது; சரியாகக் கொடுப்பதில்தான் கவனம் வேண்டும். எல்லா மருந்தும் எல்லாப் புழுவையும் கொல்லாது. எடுத்துக்காட்டாக, பைப்பரசின் என்னும் மருந்து பெரிய உருண்டைப் புழுவை வெளியேற்றும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. பென்பென்டசோல், அல்பென்டசோல், லெவாமிசோல் முதலியவை இன்னும் பலவகை உருண்டைப் புழுக்களைத் தாக்கும். எந்தப் புழு என்பதையும் கோழியின் எடையையும் பார்த்து, மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரே கூற வேண்டும். குஞ்சுகளுக்கு ஏறத்தாழ இரண்டு மாத வயதில் முதன்முறையாகவும், பின்னர் அவர் குறிக்கும் இடைவெளியிலும் கொடுத்துவரலாம். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பாகப் புழு நீக்கம் செய்வது நல்லது. புழுவால் நலிந்த கோழிக்குத் தடுப்பூசியின் பயன் முழுமையாகக் கிட்டாது.

குடிநீரில் கலந்து கொடுப்பதானால், இரவெல்லாம் கூட்டில் இருந்து காலையில் தாகத்தோடு வரும் கோழிகளுக்கு, அவை சிறிது நேரத்தில் குடித்து முடிக்கும் அளவு நீரில் மட்டும் கலக்க வேண்டும். ஒரு கோழிக்குக் கொடுத்து மற்றொன்றை விட்டுவிட்டால் பயனில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்தபின் விழும் எச்சத்தை உடனே அள்ளிப் புதைத்துவிட வேண்டும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் நான்கு எச்சரிக்கைகள் வேண்டும்.

முதலாவதாக, மருந்து கலந்த நீர்த்தட்டு தரையில் இருக்கும்வரை தவழும் குழந்தையை அங்கே விடக்கூடாது. கோழிகள் குடித்து முடித்தவுடன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.

இரண்டாவதாக, மருந்தைச் சோடாப் புட்டியிலோ குடிநீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்கவே கூடாது. அதன் சொந்தப் புட்டியில், பெயர்ச்சீட்டுக் கிழியாமல், எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் உண்ணக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இது மருந்துக்கு மருந்து மாறுபடும். அந்த நாட்களின் முட்டையை விற்பதும் முறையன்று; நம் குழந்தை உண்ணக் கூடாததை அடுத்த வீட்டுக் குழந்தைக்கு விற்பது அன்புக் கட்டளைக்கு ஒவ்வுமா?

நான்காவதாக, கோழி மருந்தைப் பிள்ளைக்கும் பிள்ளை மருந்தைக் கோழிக்கும் கொடுக்கவே கூடாது. அல்பென்டசோல் என்னும் பெயர் இரண்டிலும் இருக்கலாம். அளவும் தயாரிப்பும் வேறு. நம் நாட்டில் 2015 ஆம் ஆண்டு முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில், 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இம்மாத்திரை விலையின்றித் தரப்படுகிறது. அதை ஆசிரியையின் முன்னிலையிலேயே மென்று விழுங்குவது நம் கடமை. கைக்குட்டையில் முடிந்து வீட்டிற்குக் கொண்டுபோவது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு.

வேப்பிலை, பூண்டு முதலியவற்றை அரைத்துக் கோழிக்குக் கொடுக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்துவருகிறது. கொடுக்கலாம், ஆனால் அவற்றால் எல்லாப் புழுக்களும் நீங்கிவிடும் என்று நம்பி, வாடிய குஞ்சை மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிடக் கூடாது.

கூடும் முற்றமும்

மருந்து வயிற்றிலுள்ள புழுவைத்தான் நீக்கும். மண்ணில் கிடக்கும் முட்டையை நீக்காது. மருந்து கொடுத்த கோழியை அதே அழுக்குக் கூட்டில் அடைத்தால், இரண்டு மாதத்தில் பழைய நிலையே திரும்பும். மண்ணில் முட்டை பழுக்கப் பத்து நாளாவது ஆகும் என்று முன்பு கண்டோம் அல்லவா? நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்தப் பத்து நாள்தான். கூட்டின் எச்சத்தை வாரம் இருமுறையாவது அள்ளிவிட்டால், பெரும்பாலான முட்டைகள் பழுப்பதற்கு முன்பே அகன்றுவிடும். இதற்குக் காசும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். துடைப்பமும் முறமும் சோம்பலில்லாத கைகளும் போதும்.

கூட்டை மேடான, வெயில் படும் இடத்தில் அமைக்க வேண்டும். தரை ஈரமாயிருந்தால் சுண்ணாம்புத் தூளும் காய்ந்த மணலும் தூவி உலரச் செய்யலாம். பஞ்சாரத்தைக் கழுவி அவ்வப்போது நல்ல வெயிலில் கவிழ்த்து வைக்கலாம். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டிலோ தொட்டியிலோ வைத்தால், கோழி எச்சத்தோடு சேர்த்துப் பொறுக்காது. குஞ்சுகளைப் பெரிய கோழிகளிலிருந்து பிரித்து வளர்ப்பது நலம். தாய்க்கோழியோடு விடுவதானால், பெரிய கோழிகள் மேயாத புதிய இடத்தில் விடலாம். உயிர்ச்சத்து 'ஏ' குறைந்த கோழிகளைப் புழு எளிதில் வாட்டும். ஆதலால் முருங்கை, அகத்தி முதலிய கீரைகளை நறுக்கிப் போடுவது நன்று.

அள்ளிய எச்சத்தை அடுக்களைக்கும் கிணற்றுக்கும் தொலைவில் குழி வெட்டிக் கொட்டி, சருகும் மண்ணும் இட்டு மூடி மக்கவிட வேண்டும். மக்கும்போது உண்டாகும் சூடு முட்டைகளையும் கிருமிகளையும் அழிக்கிறது. நன்றாக மக்கியபின் அது தென்னைக்கும் வாழைக்கும் அருமையான எரு. புதிய எச்சத்தைக் கொத்தமல்லி, கீரைப் பாத்திகளில் போடக் கூடாது.

மிகச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முற்றத்தை இரண்டாகப் பிரித்துவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. மூங்கில் தட்டியோ பழைய வலையோ போதும். ஒரு பக்கம் கோழிக்கு, மறுபக்கம் குழந்தைக்கு. கோழி வீட்டுக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் நுழையாதிருக்க வாசலில் ஒரு சிறு மறைப்பு வைக்கலாம்.

அக்காமார் கவனத்திற்கு

தாய்மார் வயலுக்கும் வேலைக்கும் சென்றபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நாம்தான். ஆகவே கீழ்க்கண்டவை நம் பொறுப்பு:

1. கோழியையோ முட்டையையோ கூட்டையோ தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், சிறியவர்களுக்கும் கழுவிவிடுதல்.

2. உண்பதற்கு முன்பும் கழிவறைக்குச் சென்றுவந்த பின்பும் தவறாமல் கை கழுவுதல்.

3. வாரந்தோறும் பிள்ளைகளின் நகங்களை வெட்டுதல்.

4. முற்றத்தில் இறங்கும்போது காலில் செருப்பு அணிவித்தல்.

5. குஞ்சுகளை முத்தமிடவும் மடியில் வைத்துக்கொண்டு தின்னவும் விடாதிருத்தல்; ஐந்து வயதுக்கு உட்பட்டோரைத் தொடவிடாமல் பார்க்கச் செய்தல்.

6. கூடு கூட்டும் வேலையைச் சிறு பிள்ளைகளிடம் விடாதிருத்தல். கூட்டும்போது தூசி எழாமல் சிறிது நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல்.

7. குழந்தையின் மலத்தையும் கழிவறையிலேயே சேர்த்தல்.

முடிவுரை

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது நம் பழமொழி. நாம் துப்புரவாக வாழ்ந்தால் கோழியால் நம் வீட்டுக் குஞ்சுகளுக்கும் கேடு வராது. குழந்தைக்குப் பூச்சி என்றவுடன் கோழியை விற்பதால் நாம் இழப்பது அக்குழந்தைக்கே வேண்டிய முட்டையை. எச்சத்தை அள்ளாமல் விட்டுவிடுவதால் நாம் பணயம் வைப்பதும் அதே குழந்தையின் உடல்நலத்தை. கோழியைக் கால்நடை மருத்துவரிடமும், குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் கொண்டு செல்வோம். கைகளைச் சோப்பு நீரில் கழுவுவோம்.

தோழியரே, விடுமுறைக்கு வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கோழிக்கூட்டை எட்டிப் பாருங்கள். பாட்டியிடமும் அம்மாவிடமும் இச்செய்திகளைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். பள்ளியில் நாம் கற்ற கல்வி முற்றத்தில் விளையாடும் தம்பி தங்கைக்குப் பயன்படுமானால், அதைவிட நம் ஆசிரியைகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் மகிழ்ச்சி தருவது வேறென்ன இருக்க முடியும்!